மறைக்க எங்களிடம் எதுவும் இல்லைதான்

"தப்பு பண்ணாதவனுக்கு என்னய்யா பயம்?" என்று நேற்று ஒரு நண்பர் போனில் கேட்டார். வங்கிக் கணக்கு, போன் எண், கைரேகை எல்லாவற்றையும் அரசு ஒரே இடத்தில் கோத்து வைத்தால் கள்ளன் மாட்டுவான், நமக்கென்ன நஷ்டம் என்பது அவர் கட்சி. உடனே பதில் சொல்ல வரவில்லை. எனக்கு எப்போதும் போனை வைத்த பிறகுதான் பதில் வரும்.

ஆஸ்திரேலியாவில் 'ரோபோடெட்' என்று ஒரு கூத்து நடந்தது. 2015-ல் தொடங்கி 2019 வரை ஓடியது. உதவித்தொகை வாங்கியவர்களின் கணக்கை வரித்துறையிடம் இருந்த வருமானக் கணக்கோடு கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்தது. அதுவரை சரி. ஆனால் உதவித்தொகையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பார்கள்; வரித்துறையிடம் இருந்ததோ ஆண்டு வருமானம். என்ன செய்தார்கள் தெரியுமா? ஆண்டு வருமானத்தை எடுத்து 26-ஆல் வகுத்துவிட்டார்கள். ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு, அடுத்த ஆறு மாதம் வேலை போய் உதவித்தொகை வாங்கிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வகுத்தலில் அவர் வருடம் முழுக்கச் சீராகச் சம்பாதித்தவர் ஆகிவிடுவார். அதாவது, சம்பளமும் வாங்கிக்கொண்டு அரசுப் பணத்தையும் சாப்பிட்டவர். வீட்டுக்குக் கடிதம் போகும். பணத்தைக் கட்டு, இல்லையென்றால் பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைக் காட்டு என்று. மூடிப்போன கம்பெனியில் யாரிடம் போய்ச் சம்பளச் சீட்டு கேட்பது?

இவர்களில் பெரும்பாலோர் எதை மறைத்தார்கள்? வருமானம் ஒழுங்காகக் கணக்கில் வந்ததால்தானே வரித்துறையிடம் அந்த எண்ணே இருந்தது. பிழை வகுத்தவன் பக்கம். நிரூபிக்க வேண்டியது மட்டும் வகுபட்டவன். கடைசியில் நீதிமன்றத்தில் அரசு இறங்கிவர வேண்டியதாயிற்று. சுமார் 3,73,000 பேருக்கு 72 கோடி ஆஸ்திரேலிய டாலர் திருப்பித் தருவதாக 2020-ல் அறிவித்தார்கள். 2023-ல் அறிக்கை கொடுத்த விசாரணை ஆணையர் கேத்தரின் ஹோம்ஸ், இந்தத் திட்டம் கொடூரமானது, அதில் நியாயமும் இல்லை சட்டமும் இல்லை என்று எழுதினார். அதற்குள் எத்தனை வீடுகளில் தூக்கம் போயிருக்கும்!

நெதர்லாந்து கதை இன்னும் மோசம். குழந்தைப் பராமரிப்புக்கான உதவித்தொகை வாங்கியவர்களில் யார் மோசடிக்காரர் என்று தேடக் கிளம்பிய வரித்துறைக்கு, இரட்டைக் குடியுரிமை இருப்பதே சந்தேகத்துக்குப் போதுமான குறியாக இருந்தது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னதில் பல ஆயிரம் குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை மொத்தமாக ராஜினாமா செய்தது. மார்ச்சில் தேர்தல் வந்தது. அவர் கட்சியே முதலிடம் பிடித்தது. ஜனநாயகத்தில் இதுவும் நடக்கும்.

விலைவாசி ஏறினால் இந்த வலையில் விழுகிறவர்களும் கூடுவார்கள். எப்படி என்று கேட்கலாம். 2022-ல் பிரிட்டனில் பணவீக்கம் 11.1 சதவீதத்தைத் தொட்டது, அமெரிக்காவில் 9.1. சம்பளம் அந்த வேகத்துக்கு ஓடாது. வாடகையும் மருந்துச் செலவும் கழுத்தை நெரிக்கும்போது, அதுவரை அரசு அலுவலகத்துப் பக்கமே போகாதவரும் போய் நிற்கிறார். நின்ற உடனே குடும்பத்தில் எத்தனை பேர், யார் யாரோடு இருக்கிறார்கள், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். வசதி உள்ளவர் அந்த வரிசைக்கே வருவதில்லை, அதனால் கண்ணிலும் படுவதில்லை. பணக்காரர்கள் வெளிநாடுகளில் ரகசியமாக வைத்திருந்த கம்பெனிகளைக் காட்டிக்கொடுத்த பனாமா ஆவணங்கள், 2016-ல் வந்த அந்த 1.15 கோடி கோப்புகள், எந்த அரசின் கேமராவில் சிக்கின? யாரோ ஒருவர் கசியவிட்டுத்தான் வெளியே வந்தன.

ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. சரிபார்க்கட்டும். ஆனால் கம்ப்யூட்டர் என்னைச் சந்தேகப்பட்டால், எதை வைத்துச் சந்தேகப்பட்டது என்று ஒரு மனிதர் எனக்கு விளக்க வேண்டும். அவர் விளக்கி முடிக்கும் வரை பணத்தை நிறுத்தக் கூடாது. நான் கேட்பது இவ்வளவுதான்.

அப்பாவுக்கு ஒரு சின்ன உதவித்தொகை வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய், உயிரோடு இருப்பதாகக் கைரேகை வைக்க வேண்டும். அச்சகத்தில் முப்பது வருடம் ஈய எழுத்து கோத்த விரல்கள், ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். இந்த வருடம் மெஷின் ஏற்கவில்லை. கவுன்ட்டர் பையன் நல்லவன்தான், "நல்லா அழுத்துங்க ஐயா" என்றான். அப்பா கட்டைவிரலை வேட்டியில் துடைத்துவிட்டு அழுத்தினார். பிறகு ஈரத்துணியில் துடைத்து அழுத்தினார். பத்து விரலும் முடிந்தது. "நான்தாம்ப்பா, எதிர்லதானே உக்காந்திருக்கேன்" என்றார். பையன் திரையைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியுதுங்கய்யா, சிஸ்டம் எடுக்கலையே" என்றான்.

புகார் கொடுத்தோம். பதினொரு நாள் கழித்து, புகார் தீர்த்து முடித்துவைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று போனில் மெசேஜ் வந்தது. பணம் இன்னும் வரவில்லை. அப்பா எனக்குத் தெரியாமல் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "குறைச்சுப் போட்டா யாரு போட்டதுன்னு அவங்களுக்குத் தெரியும்லடா" என்றார்.