ஸ்டார் ஸ்க்ரூ இருந்தாலே போலியா?

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க டாங்கியான எம்5ஏ1 ஸ்டூவர்ட்டின் உள்ளே ஸ்டார் ஸ்க்ரூ (தலையில் கூட்டல் குறி போன்ற பள்ளம் உள்ளது) கண்ணில் பட்டால், அது பிடித்திருக்கும் பாகம் போருக்குப் பிறகு மாட்டியது, கழற்றி எறியலாம் என்கிறார் ஒருவர். தயவுசெய்து எறியாதீர்கள்.

ஸ்டார் தலை ஸ்க்ரூவுக்கு ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை வாங்கியது 1936இல். அதைக் கார் தயாரிப்பில் முதலில் பயன்படுத்தியது காடிலாக். 1942இல் எம்5ஏ1-க்கு முந்தைய வடிவமான எம்5 டாங்கியைத் தயாரிக்க ஆரம்பித்ததும் அதே காடிலாக்தான்! ஆகவே ஸ்டார் தலையை மட்டும் வைத்து அசல் என்றும் சொல்ல முடியாது, போலி என்றும் சொல்ல முடியாது.

அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. தலையை நன்றாகத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கூட்டல் குறிக்கு நடுவே மூலைவாட்டில் நான்கு மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அது போஸிட்ரைவ் என்ற வேறு வகை ஸ்க்ரூ. அது வந்ததே 1960களில். அந்த ஸ்க்ரூ சந்தேகமில்லாமல் பின்னால் வந்தது. அப்போதும் ஸ்க்ரூ மட்டும்தான் புதுசு. அது பிடித்திருக்கும் பிராக்கெட் பழசாகவே இருக்கலாம்.

என்னைக் கேட்டால் ஸ்க்ரூவைவிடப் பெயின்ட் நல்ல சாட்சி. பிராக்கெட்டைக் கழற்றி அடியில் பாருங்கள். சுற்றியுள்ள சுவரில் நாலைந்து பூச்சு இருந்து, அடியில் வெறும் பிரைமர் மட்டும் இருந்தால் அது ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அடியிலும் அதே நாலைந்து பூச்சு ஓடினால் பிற்பாடு யாரோ மாட்டியது.

அப்புறம், கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.