கண் துளி மருந்து விழித்திரையின் தடுப்பைக் கரைத்துவிடுமா?

“கண் அழுத்தத்துக்கு விடும் துளி மருந்து விழித்திரையின் பாதுகாப்புச் சுவரைக் கரைத்துக் குருடாக்கும், உடனே நிறுத்துங்கள்” என்று ஒரு குரல் பதிவு யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. நம்பி மருந்தை நிறுத்துகிறவருக்குப் பேராபத்து.

விழித்திரைக்குப் பின்னால் நிறமிக் கலங்கள் ஒற்றை அடுக்காக நெருங்கி நிற்கின்றன. அவற்றுக்கிடையிலான இறுக்கமான இணைப்புகள், இரத்தத்தில் இருப்பவை கண்டபடி உள்ளே கசியாமல் தடுக்கின்றன. ஆய்வுகூடத்தில் வளர்க்கும் கலங்கள்மீது, துளி மருந்துகள் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கப்படும் பென்சல்கோனியம் குளோரைட்டை நேரடியாக ஊற்றினால் அவை சிதைவது உண்மைதான். ஆனால் கண்ணில் விடும் துளியில் பெரும்பகுதி கண்ணீரோடு வடிந்துவிடும். உள்ளே போவது பொதுவாக 5 சதவீதத்துக்கும் குறைவு. விழித்திரைவரை எட்டுவது அதிலும் சொற்பம்.

கண் அழுத்தத்தைக் குறைக்கும் லட்டானோபுரொஸ்ட் போன்ற துளி மருந்துகளால் சிலருக்கு, குறிப்பாகக் கண்புரைச் சத்திரசிகிச்சையில் சிக்கல் ஏற்பட்டவர்களுக்கு, இந்தத் தடுப்பு தளர்ந்து விழித்திரையின் மையத்தில் நீர் கோக்கலாம். இதை மறைக்கக் கூடாது. மருந்தை மாற்றினால் அந்த வீக்கம் பெரும்பாலும் வற்றிவிடும். ஆனால் மருந்தை நிறுத்தினால், பெரும்பாலும் கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு சேதமாகும் குளுக்கோமா நோய் முற்றலாம்; அதனால் பட்டுப்போன நரம்போ மீளாது. பதிவில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது கோபமூட்டுகிறது.

வீட்டில் அப்பாவோ அம்மம்மாவோ இந்த மருந்து விடுகிறார் என்றால் போத்தலை எறிந்துவிடாதீர்கள். பார்வை மங்கினாலோ, நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் கண் வைத்தியரிடம் கூட்டிச்செல்லுங்கள். முன்பு கண்ணில் செய்த சத்திரசிகிச்சையையும் அவரிடம் சொல்லுங்கள்.