மண் கோட்டையைப் பார்த்து "இது ஒரிஜினலா?" என்று கேட்பவர்களுக்கு

ஈரானில் பம் கோட்டைக்குப் போய்வந்து படங்கள் போட்டதிலிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. "என்னங்க, நேத்து கட்டின மாதிரி இருக்கு? 2003 பூகம்பத்துல இடிஞ்சு போச்சே, இப்ப இருக்கிறது டூப்ளிகேட்தானே?" ஒருவர் சினிமா செட் என்றே எழுதிவிட்டார். தனித்தனியாகப் பதில் சொல்லிக் கை வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கே கொட்டிவிடுகிறேன். (ஊர் பெயர் பம். 'பாம்' என்று நீட்டிச் சொல்லாதீர்கள், முக்கியமாக விமான நிலையத்தில்.)

2024-ல் இந்தியர்கள் 15 நாள் விசா இல்லாமலே வரலாம் என்று ஈரான் அறிவித்திருந்த சமயம். கெர்மான் நகரத்திலிருந்து தென்கிழக்கே கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், ஷேர் டாக்சியில் போனேன். ஷேர் டாக்சிக்கு அங்கே பெயர் சவாரி. பஜார், தர்பார், சவாரி எல்லாம் நமக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சொற்கள் என்று படித்திருந்தாலும், ஒரு டிரைவர் "சவாரி, சவாரி" என்று கூவிக் கூப்பிடும்போது உள்ளுக்குள் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊர் கார்டு எதுவும் அங்கே வேலை செய்யாது, டாலரை நோட்டாகவே கொண்டு போக வேண்டும். அது தனிக் கதை, விடுங்கள்.

லூட் பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் இருக்கிறது பம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெறும் கட்டாந்தரையைப் பார்த்துக்கொண்டே வந்தவனுக்குத் திடீரென்று கண்ணுக்கெட்டிய தூரம் பேரீச்சந்தோப்பு. இங்கே ஏது தண்ணீர் என்று கேட்டால், அங்கேதான் இந்த ஊரின் முழுக் கதையும் இருக்கிறது. நிலத்துக்கு அடியில் பாறைப் பிளவு ஒன்று ஓடுகிறது. அதில் அரைபட்டு மாவாகிப்போன களிமண் ஒரு தடுப்புச்சுவர் மாதிரி நின்று, மலைப்பக்கமிருந்து வரும் நிலத்தடி நீரை மறித்து மேலே ஏற்றுகிறது. அந்த நீரைக் கனாத் என்கிற சுரங்கக் கால்வாய்களை வெட்டி, லேசான சரிவிலேயே நடத்திக் கூட்டிவந்து ஊரை உண்டாக்கினார்கள். பம்ப் கிடையாது, ஏற்றம் கிடையாது. வழிநெடுக ஆள் இறங்கித் தூர்வாரக் கிணறு மாதிரிக் குழிகள், அவ்வளவுதான். கோட்டையின் வேர் பழைய பாரசீகத்தை ஆண்ட அகாமனிய அரசர்கள் காலம் வரை போகிறது, அதாவது கி.மு. 6 முதல் 4ஆம் நூற்றாண்டு. கி.பி. 7 முதல் 11 வரை அதன் நல்ல காலம். வணிகப் பாதைகள் சந்திக்கும் இடம், பட்டும் பருத்தித் துணியும் நெய்து விற்ற ஊர்.

தண்ணீர் கொடுத்த அந்தப் பிளவுப் பகுதிதான் 2003 டிசம்பர் 26 விடிகாலை 5:26-க்கு அசைந்தது. பூகம்ப அளவு 6.6. 26,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோய்விட்டார்கள். டிசம்பர் 26 என்றால் நமக்குச் சுனாமிதானே? சரியாக ஒரு வருஷம் கழித்து அதே தேதி. டாக்சிக்காரரிடம் உடைந்த ஆங்கிலத்தில் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, பின் சீட்டில் இருந்த பேரீச்சம்பழப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். மஸாஃபதி ரகம், கறுப்பாக, விரலில் ஒட்டுகிற மாதிரி.

"மண் வீடு, அதான் இவ்வளவு சாவு" என்று அப்போது நம்மில் பலர் பேசினோம், நானும்தான். ஆனால் சனம் செத்தது கோட்டைக்குள் இல்லை. அங்கிருந்து மக்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே வெளியே வந்துவிட்டார்கள். செத்ததெல்லாம் வெளியே இருக்கிற புது ஊரில். பல வீடுகளில் மண்சுவர்மேல் இரும்பு உத்தரமும் செங்கல்லும் வைத்துக் கனமான கூரை போட்டிருந்தார்கள், சுவரையும் கூரையையும் சேர்த்துக் கட்டும் பிடிமானம் சரியாக இல்லை. சுவர் விலகியதும் கூரை அப்படியே இறங்கிவிட்டது. பழியை மண் மேல் போட்டுவிட்டோம்.

கோட்டையிலும் ஒரு விநோதம். இடிந்ததை ஆராய்ந்தவர்களில் சிலர் கவனித்தது இது: பல இடங்களில், யாரும் தொடாமல் பாழாகக் கிடந்த பழைய சுவர்களைவிட 20ஆம் நூற்றாண்டில் புதுப்பித்த பகுதிகள்தான் மோசமாக நொறுங்கியிருந்தன. பழைய சுவரோடு புதுச் சுவர் பிணையவில்லை. மண்ணில் கலந்த வைக்கோலைக் கரையான் வேறு தின்றிருந்தது. அதனால் புதுப்பித்தாலே உயர்வு என்று நான் சொல்லவில்லை. எப்படிப் புதுப்பித்தார்கள் என்று கேளுங்கள், "ஒரிஜினலா" என்று கேட்காதீர்கள்.

ஏனென்றால் மண் கட்டடத்தில் ஒரிஜினல் என்று ஒன்று கிடையாது. கோட்டையின் கட்டுமானம் இரண்டு விதம். ஒன்று, குழைத்த மண்ணை அடுக்கடுக்காக ஏற்றிக் காயவிடுவது, சீனே என்கிறார்கள். இன்னொன்று, சூளையில் வைக்காமல் வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல், ஹெஷ்த். இரண்டுக்கும் மேலே வைக்கோல் கலந்த மண்பூச்சு, காகெல். மழைக்குக் கரைவதும் காற்றுக்கு உதிர்வதும் இந்தப் பூச்சுதான், உள்ளே சுவர் பத்திரமாக இருக்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசியே ஆக வேண்டும். என் ஆச்சி வீட்டில் மழைக்காலம் முடிந்ததும் மண்சுவரைப் பூசி மெழுகுவார்கள். அதைப் பார்த்து இது டூப்ளிகேட் வீடு என்று யாரும் சொன்னதாக நினைவில்லை.

தெற்கு வாசலில் நுழைந்தால் நேராகக் கடைத்தெரு. அப்புறம் மசூதி, குதிரை லாயம், படைவீரர் இடம் என்று ஏறி ஏறி, உச்சிப் பாறையில் ஆளுநர் மாளிகை. 1794-ல், ஈரானை ஆண்ட சந்த் வம்சத்தின் கடைசி அரசர் லோத்ஃப் அலி கான், கெர்மான் விழுந்ததும் தப்பி ஓடிவந்தது இந்த ஊருக்குத்தான். அடைக்கலம் கொடுத்தவர்களே பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். மேலே நின்று பார்த்தால் ஒரு பக்கம் திரும்ப எழுப்பிப் பளிச்சென்று பூசிய மதில், இன்னொரு பக்கம் இடிந்து மேடுமேடாகக் கிடக்கிற வீதிகள். அந்த மேடுகள் அப்படியே கிடக்கட்டும் என்பது என் ஆசை. எல்லாவற்றையும் எழுப்பிவிட்டால் அந்த விடிகாலையை யார் சொல்வது? 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும்போதே ஆபத்துப் பட்டியலிலும் போட்டார்கள், 2013-ல்தான் ஆபத்துப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இத்தனை பேர் இத்தனை வருஷம் பாடுபட்டதற்கு நம் ஆள் கொடுத்த பட்டம் சினிமா செட்.

இறங்கி வரும்போது ஒரு மூலையில் இரண்டு பேர் மண் மிதித்துக்கொண்டிருந்தார்கள், வெறுங்காலோடு, பக்கத்தில் வைக்கோல் குவியல். எங்கள் ஊரில் உமியும் கலப்போம் என்று சொல்லப் பார்த்தேன். உமிக்குச் சைகை என்ன என்று தெரியவில்லை. கடைசியில் போனில் நெல்வயல் படத்தைத் தேடிக் காட்டியதும் பெரியவருக்குப் புரிந்துவிட்டது, சிரித்துக்கொண்டே ஒரு பிடி மண்ணை என் கையில் வைத்து அமுக்கிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றலாமே என்று சைகை காட்டினேன். அதெல்லாம் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மறுபடி மிதிக்கப் போய்விட்டார்.