வீடு கட்டுகிறவருக்குப் பெண் கொடுப்போமா?

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்க வேண்டும். அதனால் பெண்பிள்ளை உள்ள குடும்பங்கள் எல்லாம் என்றைக்காவது ஒரு மேசனைத் தேடித்தான் ஆக வேண்டும். இப்போது காசு இருந்தாலும் நல்ல ஆள் கிடைப்பதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் அந்த ஒரு வருடத்தில் மட்டும் இலங்கையிலிருந்து 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். எங்கள் ஊர் மேசன்மாரும் வயரிங்காரரும் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள்.

கல்லடியில் சொந்தக்காரர் வீட்டில் குளியலறைக்கு வாட்டம் பார்க்காமல் டைல்ஸ் பதித்துவிட்டார்கள். தண்ணீர் கதவடியில் தேங்கியது. பிறகு வந்தவர் எல்லாவற்றையும் உடைத்து, நூல் கட்டி, வாட்டம் எடுத்துப் பதித்தார். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அடியில் சாந்து நிரம்பாத இடத்தில் சத்தம் வேறாக வரும். அப்படி வந்த இரண்டைக் கழற்றித் திரும்பவும் பதித்தார். இது படிப்பு இல்லையென்றால் வேறென்ன?

ஆனால் அவருக்கு நாம் பெண் கொடுப்போமா? கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கச் சொன்ன ஊர் இது. மாப்பிள்ளை என்றால் அரச உத்தியோகம். அந்த உத்தியோகத்துக்காகக் கம்பஸ் முடித்த பட்டதாரிகள் 2017இல் காந்தி பூங்காவில் இரவு பகலாக உட்கார்ந்திருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். பிள்ளைகளைக் கைத்தொழிலிலிருந்து விரட்டுவது இந்தக் கல்யாணச் சந்தைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கை வேலையில் ஆசையுள்ள பிள்ளையையும் ஏ.எல் மூன்று தடவை எழுத வைக்கிறோம். மூன்றும் சரிவராத பிறகுதான் தொழிற்பயிற்சி நிலையம் நினைவுக்கு வருகிறது. அதற்குள் பிள்ளை தன்னைத் தோற்றவன் என்று நம்பிவிடுகிறான். ஓ.எல் சித்தியடையாத பிள்ளையும் தொழிற்பாடம் படிக்கலாம் என்று 2017இலேயே பாடசாலைகளில் 13 வருடக் கல்வித் திட்டம் வந்தது. என்.வி.கியூ என்னும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழில் நான்காம் மட்டத்தில் தொழில் தொடங்குகிறவர் ஏழாம் மட்டத்தில் பட்டத்துக்குச் சமமான இடம் வரை போகலாம். இது எத்தனை தாய்மாருக்குத் தெரியும்?

இன்னொன்று. வருடக்கணக்காக வேலை செய்தும் கையில் ஒரு பேப்பர் இல்லாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அதனால்தான் வெளிநாட்டில் ஹெல்பர் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையைக் காட்டிச் சோதனைக்குத் தோற்றி என்.வி.கியூ எடுக்க வழி இருக்கிறது. அரச தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவின் அலுவலகத்தில் விசாரிக்கலாம். உங்கள் வீட்டில் இப்போது வேலை நடந்தால், அந்த அண்ணனிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க உங்கள் பிள்ளையை அவரோடு அனுப்புங்கள்.