இறந்த ஆமையின் அருகிலும் நின்று பேசுங்கள்

சனவரி பிறந்தால் சென்னையில் ஆமை நடைக்காலம் தொடங்கிவிடுகிறது. 1988 முதல் இயங்கிவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில் இரவெல்லாம் நடந்து, பங்குனி ஆமைகள் இட்டுச் சென்ற முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள். வார இறுதியில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். மறுநாள் கல்லூரிக்கோ வேலைக்கோ போக வேண்டிய இளைஞர்கள், ஒரு பைசா வாங்காமல் செய்யும் பணி இது.

அவர்களுடன் நடப்பவருக்குக் கிடைக்கும் பாடம் சாதாரணமானதல்ல. ஈர மணலில் துடுப்புக்கால்கள் விட்டுச்சென்ற தடத்தைப் பின்தொடர்ந்து கூட்டைக் கண்டுபிடிப்பது, ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழக் குழியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை அதிராமல் எடுப்பது, அதே ஆழத்தில் அவற்றை மீண்டும் புதைப்பது என ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறார்கள். மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது என்பதையும், கடலின் மேலுள்ள வெளிச்சத்தை நாடிப் போக வேண்டிய குஞ்சுகள் நம் தெருவிளக்கை நம்பிச் சாலைக்கு வந்துவிடுகின்றன என்பதையும் அங்கேயே நின்று கேட்பது, வகுப்பறையில் கேட்பதைப் போன்றதல்ல.

ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆமையைப் பார்த்தாக வேண்டும், படமும் எடுத்தாக வேண்டும். உயிருள்ள ஆமை பல இரவுகளில் கண்ணில் படுவதில்லை. இறந்து ஒதுங்கிய ஆமையோ அடிக்கடி படுகிறது. அப்போது பெற்றோர் குழந்தைகளை அவசரமாக அப்பால் இழுத்துச் செல்கிறார்கள், வழிநடத்துபவரும் வந்தவர்கள் மனம் வாடக் கூடாதென்று பேச்சைச் சுருக்கிக்கொள்ள நேர்கிறது. நான் மறுப்பது இதைத்தான். உடலைத் தொட வேண்டாம், சற்றுத் தள்ளியே நிற்கலாம். ஆனால் அன்றைய நடையின் மிக நீண்ட உரை அங்கேதான் நிகழ வேண்டும்.

ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிரினம் என்பதையும், விசைப்படகுகள் கடலுக்குள் இழுத்துச்செல்லும் பெரிய பை போன்ற வலையான இழுவை மடிக்குள் சிக்கி நெடுநேரம் மேலே வர முடியாமல் போனால் அது நீரிலேயே மூச்சுத்திணறி இறக்கும் என்பதையும் அந்தக் குழந்தைகளுக்குச் சொல்லலாம். 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியதைப் பெரியவர்களுக்கு நினைவூட்டலாம். நம் கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 அன்றுதான் தொடங்குகிறது. அதற்குள் முட்டையிடும் பருவமோ பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக வகுத்த தடை ஆமையைக் காக்கவில்லையே என்று குறைகூறுவது முறையாகாதுதான். ஆனால் ஆமைகள் கரையை நெருங்கும் அந்த மாதங்களில் விசைப்படகுகள் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும், ஆமை தப்பிச் செல்ல வழிவிடும் கருவியை மடியில் பொருத்த ஏன் இத்தனை தயக்கம் ஆகிய கேள்விகள் எழ அந்த மணலைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

அந்த உரையில் கரையோரக் குப்பத்து மீனவர் ஒருவரும் பங்கேற்க வேண்டும் என்பது என் விருப்பம். இல்லையேல், சிறுபடகில் வலை வீசுபவருக்கும் இழுவை மடிக்காரருக்கும் வேறுபாடு தெரியாத நகரத்தார், கண்ணெதிரே வலை பின்னிக்கொண்டிருப்பவரையே குற்றவாளியாக எண்ணிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.