கழுத்தில் தொங்கும் தொல்லை

கழுத்தில் மாட்டும் சின்னக் கத்தி ஒன்று வாங்கினேன். மடங்காத வகை. கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் உறைக்குள் தலைகீழாகத் தொங்கும். இழுத்தால் சட்டென்று கைக்கு வரும். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இதை வடிவமைத்தவர் மே மாதத்தில் குமரி மாவட்டக் கடற்கரையில், குளச்சல் பக்கம் நடந்திருக்கவே மாட்டார்! வியர்வையில் உறை நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறது, மணிச்சங்கிலி ரோமத்தைப் பிடுங்குகிறது. பிடியில் மூன்று விரல்தான் அடங்கும்; எடை குறைய வேண்டுமாம், அதிலும் ஓட்டைகள். அலகு கார்பன் எஃகு. உப்புக்காற்றும் இரண்டு பருவமழையும் வாய்த்த மாவட்டத்தில் எண்ணெய் தடவாவிட்டால் துருதான். வருக்கைச் சக்கையில், அதாவது பலாப்பழத்தில், வைத்தால் தோலைத் தாண்டவில்லை, பிசின் மட்டும் உறைக்குள் ஏறிவிட்டது. பிளந்தது அம்மாவின் வெட்டுக்கத்தி. மாமா வேறு கேட்கிறார்: “என்ன தாயத்து மக்களே இது?”