கம்ப்யூட்டர் குடுப்போம், காசு குடுக்க மாட்டோம்

போன வாரம் எங்க காலேஜ் பசங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரு சின்ன சண்டை. நான் பாட்டுக்கு செட்டி அட் ஹோமுக்கு டொனேஷன் குடுக்குற லிங்க்க போட்டு, "அந்தக் காலத்துல எல்லாரும் ராத்திரி பூரா ஓட்டுனோமே, முடிஞ்சவங்க ஏதாச்சும் குடுங்கடா"ன்னு எழுதினேன். உடனே ஒருத்தன், நல்லா சம்பாதிக்கிறவன்தான், "அது ஃப்ரீ தானே மச்சி, நம்ம கம்ப்யூட்டர்லதானே ஓடுச்சு, அவனுக்கு என்ன செலவு"ன்னான். இன்னொருத்தன் "ஏலியன் கிடைச்சதும் அவங்ககிட்ட வசூல் பண்ணிக்க சொல்லு"ன்னு சிரிப்பு பொம்மை போட்டான். குரூப்புல டைப் பண்ணி டைப் பண்ணி விரல் வலிச்சதுதான் மிச்சம், அதான் இங்க வந்து கொட்டுறேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. கலிஃபோர்னியாவுல பெர்க்லி யுனிவர்சிட்டி ஆளுங்க, வேற கிரகத்துல யாராச்சும் இருந்து ரேடியோ சிக்னல் ஏதாச்சும் அனுப்புறாங்களான்னு தேடுறதுக்கு 1999 மே 17ல ஆரம்பிச்ச புராஜெக்ட் இது. போர்ட்டோ ரிக்கோவுல அரெசிபோன்னு 305 மீட்டர் அகலத்துக்கு ஒரு ரேடியோ டெலஸ்கோப். அதுல வேற யாரோ வேற ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கும்போதே, ஃபுட்போர்டுல தொத்திக்கிட்டு போற மாதிரி இவங்க ரிசீவரும் கூடவே கேட்டுக்கிட்டு இருக்கும். 1420 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஹைட்ரஜன் அணு பேசுற அலைவரிசை, அதைச் சுத்தி ஒரு சின்ன பட்டை. வந்ததெல்லாம் டேப்ல பதிவாகி, 35 ஜிபி டேப்பு, பொட்டலம் கட்டி தபால்ல பெர்க்லிக்கு வரும். இன்டர்நெட் பிராஜெக்ட்டுக்கு டேட்டா தபால்ல வந்துச்சுன்னா இப்ப யாரும் நம்ப மாட்டாங்க. அங்க அதைத் துண்டு துண்டா வெட்டி, ஒரு துண்டு சுமார் 350 கேபி, வானத்தை 107 செகண்ட் கேட்டது, அதை நம்ம கம்ப்யூட்டருக்கு அனுப்புவாங்க. நாம சும்மா இருக்கும்போது ஸ்கிரீன் சேவரா அது ஓடும், கலர் கலரா ஊசி ஊசியா ஒரு கிராஃப் எழும்பும்.

எங்க வீட்ல பென்டியம் த்ரீ. டயல்-அப்புல கீ கீன்னு கத்தி கனெக்ட் ஆகி ஒரு துண்டை இறக்கிட்டா ராத்திரி பூரா ஓடும், சில சமயம் மறுநாளும். அப்பா ஒருநாள் வாசல்ல நின்னு மீட்டரையே பாத்துட்டு இருந்தாரு. அப்ப அந்த பழைய மீட்டர், உள்ள அலுமினிய வட்டு சுத்தும், அதுல ஒரு சிவப்பு கோடு. "எல்லாரும் தூங்கியாச்சு, ஃபேன் ரெண்டுதான் ஓடுது, இது ஏன்டா இந்த வேகத்துல சுத்துது"ன்னாரு. நான் செட்டின்னேன். "எந்தச் செட்டியாரு?"ன்னாரு. விளக்கிச் சொன்னதும் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "அவன் தேடுறதுக்கு நான் ஏன்டா பில்லு கட்டணும்"னு கேட்டாரு பாருங்க, அதுக்கு இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட ஒழுங்கான பதில் இல்ல.

ஏன்னா அவர் சொன்னது சரி. சும்மா கிடக்குற கம்ப்யூட்டர்ன்னு சொல்றோமே, அது சும்மா கிடக்கும்போதும் முழு மூச்சா கணக்கு போடும்போதும் இழுக்குற கரண்ட் ஒண்ணு கிடையாது. ஒரு டெஸ்க்டாப் 150 வாட்னு வச்சுக்கங்க, நாள் பூரா ஓடுனா 3.6 யூனிட், மாசம் 108 யூனிட். யூனிட்டு அஞ்சு ரூபான்னு போட்டாலே மாசம் 540, வருஷம் ஆறாயிரத்து சொச்சம். இதை நாம தெரியாமலே குடுத்துட்டு, சந்தோஷமா குடுத்துட்டு, மேல ஒரு ஆயிரம் ரூபா கேட்டா மட்டும் "ஃப்ரீ தானே"ங்கறோம்.

கோயில்ல டியூப்லைட் பாத்திருப்பீங்க. "உபயம்: இன்னார்"னு பெயிண்ட்ல எழுதி, எழுத்து மறைச்சு வெளிச்சமே வராது. ஆனா "இந்த மாச கரண்ட் பில் உபயம்"னு எழுதின போர்டு எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? செட்டி கதை அப்படியே தலைகீழ். உலகம் பூரா 50 லட்சம் பேருக்கு மேல கரண்ட் பில்ல தலையில ஏத்துக்கிட்டாங்க. டியூப்லைட் வாங்கத்தான் ஆள் இல்ல.

அங்க என்ன செலவுன்னு கேட்டான்ல. துண்டு வெட்டுறதுக்கு மெஷின் வேணும், லட்சக்கணக்கான பேருக்கு அனுப்பவும் திருப்பி வாங்கவும் சர்வர் வேணும், ஒரே துண்டை ரெண்டு பேருக்கு அனுப்பி ரெண்டு விடையும் ஒத்துப்போகுதான்னு பாக்கணும், வந்ததையெல்லாம் வெக்க டிஸ்க் வேணும். டேட்டாபேஸ் வீங்கிப் போயி, செவ்வாய்க்கிழமை ஆனா பராமரிப்புக்குன்னு கடையை மூடுவாங்க, பழைய ஆளுங்களுக்கு இது மறக்காது, செவ்வாய் அன்னிக்கு வேலை வராம கம்ப்யூட்டர் சோம்பேறியா உக்காந்திருக்கும். அப்புறம் கிராஃபிக்ஸ் கார்டு காலம் வந்துச்சு. நம்ம பக்கம் வேகம் பல மடங்கு ஏறிடுச்சு, துண்டு குடுங்க துண்டு குடுங்கன்னு இவனுங்க கேக்க, அங்க சர்வர் மூச்சு வாங்கும். கடைசியில பயனாளருங்களே கூட்டு சேந்து காசு போட்டு சர்வர் வாங்கி அனுப்பி வச்சாங்க. இவ்வளவையும் பாத்துக்கிட்டது எத்தனை பேர்னு நினைக்கிறீங்க? கை விரல்ல எண்ணிடலாம். அவங்களுக்கு சம்பளம் வேணாமா?

கவர்மென்ட் குடுக்கட்டுமேன்னு அடுத்த கேள்வி வரும். குடுத்துச்சு, பிடுங்கிக்கிச்சு. 1992 அக்டோபர் 12, கொலம்பஸ் போய் இறங்குன 500வது வருஷம்னு நாள் பாத்து நாசாவே இதே மாதிரி ஒரு தேடலை ஆரம்பிச்சுது. ஒரே வருஷம்தான். 1993ல நெவாடா செனட்டர் ரிச்சர்ட் பிரையன், மக்கள் வரிப்பணத்துல செவ்வாய்க்காரனைத் தேடுறீங்களான்னு நக்கலடிச்சு பணத்தை நிறுத்திட்டாரு. நாசா பட்ஜெட்டுல அது தூசு. அதுக்கப்புறம் இந்தத் துறை பெரும்பாலும் தனியார் தயவுலதான் ஓடுது. செட்டி அட் ஹோமுக்கே ஆரம்பக் காசு போட்டதுல முக்கியமானது பிளானட்டரி சொசைட்டி, வானியல் விஞ்ஞானி கார்ல் சேகன் சேந்து ஆரம்பிச்ச சங்கம், அதுவும் உறுப்பினர் சந்தாவுல நடக்குறது. பின்னாடி, வேற ஆராய்ச்சிக்காரங்களும் இப்படி வீட்டு கம்ப்யூட்டர்ல கணக்கு ஓட்டிக்கலாம்னு, பாயிங்க்னு பொதுவான சாஃப்ட்வேர் ஒண்ணு பண்ணாங்க, அதுக்கு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை காசு குடுத்துச்சு. அதே பாயிங்க்லதான் ஐன்ஸ்டைன் அட் ஹோம்னு இன்னொரு புராஜெக்ட் 2005ல இருந்து ஓடுது, 2010ல வீட்டு கம்ப்யூட்டருங்க சேந்து ஒரு புது பல்சரையே, அதாவது சுத்திக்கிட்டே துடிப்பு துடிப்பா ரேடியோ அலை அனுப்புற செத்த நட்சத்திரத்தையே, கண்டுபுடிச்சுது. அயோவாவுல ஒரு தம்பதி, ஜெர்மனியில ஒருத்தர், இவங்க மெஷின்ல சிக்குச்சு. ஆக, வேலைக்காகாத விளையாட்டு இல்ல இது.

எனக்கு இவங்க மேலயும் ஒரு கோவம் உண்டு. காசு கேக்கவே தெரியாது இவங்களுக்கு. வருஷத்துக்கு ஒரு மெயில் வரும், ரொம்ப மரியாதையா, ரொம்ப தயங்கி, பிரபஞ்சத்துல நாம தனியா இருக்கோமான்னு ஆரம்பிச்சு. பிரபஞ்சத்தை எல்லாம் விடுங்க சார். "டிஸ்க் நிரம்பிடுச்சு, எட்டு டிஸ்க் வேணும், ஒண்ணு இவ்வளவு, உங்களால ஒண்ணு முடியுமா"ன்னு கேளுங்க. அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசின்னு கேட்டா எவ்வளவு வேகமா வருது, "தர்மம் தழைக்க"ன்னு கேட்டா வருமா? குடுத்தவங்க பேருக்குப் பக்கத்துல ஒரு பச்சை ஸ்டார் போடுவாங்க. அதைச் சில பேரு கிண்டல் பண்ணுவாங்க, நான் பண்ண மாட்டேன். அதுதான் இவங்க பண்ணதுலயே உருப்படியான யோசனை. மனுஷனுக்கு உபயம் போர்டு வேணும்ங்க.

காசு இல்லாட்டி என்ன ஆகும்ங்கறதுக்கு அந்த புராஜெக்ட்டே சாட்சி. துண்டு அனுப்புறதை 2020 மார்ச் 31ல நிறுத்தினாங்க. கணக்கு போட்டு வந்தது மொத்தம் 1200 கோடி சிக்னல். போட்டவங்க லட்சக்கணக்கான பேர், அதை சலிச்சுப் பாக்க உக்காந்தது நாலஞ்சு பேர். நம்ம ரேடியோ, ராடார், சேட்டிலைட் இரைச்சல் எல்லாத்தையும் கழிச்சு எடுக்கவே வருஷக்கணக்கா ஆச்சு, அதுக்கும் ஜெர்மனியில ஹானோவர்ல மேக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்து ஆளுங்களோட கம்ப்யூட்டர் கூட்டம் உதவிக்கு வர வேண்டியிருந்துச்சு. 2025லதான் ஆய்வுக் கட்டுரை வந்துச்சு. கடைசியா நின்னது ஒரு நூறு சிக்னல். அதைத் திரும்பப் பாக்கலாம்னா அரெசிபோ இல்ல. 2020 டிசம்பர் 1ல, கேபிள் அறுந்து, 900 டன் மேடை அப்படியே டிஷ்ஷு மேல விழுந்துடுச்சு. பல வருஷமாவே அதுக்கும் நிதியை வெட்டிக்கிட்டேதான் வந்தாங்க. இப்ப சீனாவோட ஃபாஸ்ட் டெலஸ்கோப்ல அந்த நூறையும் பாக்குறாங்க. என் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு அதுல எங்கயோ ஒரு மூலையில கிடக்கலாம், கிடக்காமலும் போகலாம்.

சரி, நான் மட்டும் என்ன யோக்கியம். பன்னெண்டு பதிமூணு வருஷம் கணக்கு ஓட்டுனேன், ஒத்தப் பைசா குடுக்கல. முதல்ல கிரெடிட் கார்டு இல்லன்னு சாக்கு, அப்புறம் டாலர் ரேட்டுன்னு சாக்கு, அப்புறம் 80ஜி வரி விலக்கு கிடைக்காதுன்னு சாக்கு. அப்பா போனப்புறம் பழைய பேப்பரெல்லாம் எடுத்து அடுக்கும்போது ஈபி கார்டு கிடைச்சுது, மஞ்சள் அட்டை, ரீடிங் எடுக்க வந்தவர் கையெழுத்துல நம்பர் நம்பரா. நான் செட்டி ஓட்டுன மாசத்துல மட்டும் எண்ணு எகிறி இருக்கு. அப்பா பக்கத்துல பென்சில்ல ஒரு கேள்விக்குறி போட்டு வச்சிருந்தாரு. அன்னிக்குத்தான் முதல் தடவையா 25 டாலர் அனுப்புனேன்.

குரூப்புல "ஃப்ரீ தானே"ன்னு கேட்டானே, அவன் நேத்து ராத்திரி தனியா மெசேஜ் பண்ணான். "பேமென்ட் போக மாட்டேங்குது மச்சி." கார்டுல வெளிநாட்டு டிரான்சாக்ஷன் ஆஃப்ல இருக்கும், ஆப்புக்குள்ள போயி ஆன் பண்ணுன்னு சொன்னேன். பத்து நிமிஷம் கழிச்சு, "ஓடிபி வந்துடுச்சு"ன்னான். அடுத்த மெசேஜ் உடனே வந்துச்சு, "டேய், பேரு போடுவாங்களா?"